இரவல் வண்டியும் இன்ஷியூரன்ஸும்

குற்றால மலைமேல் மேகம் கவிந்து, தென்காசி வீதிகளில் சாரல் தூவத் தொடங்கிவிட்டால் இப்பக்கத்து வீடுகளுக்கு விருந்தினர் வருவது நெடுநாள் வழக்கம். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ரெயிலில் வந்திறங்கும் உறவினர்களுக்குப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் போய்வர ஒரு வண்டி வேண்டியிருக்கிறது. "அண்ணாச்சி, வண்டிச் சாவியைக் கொஞ்சம் தாங்க, ஐந்தருவிக்குப் போயிட்டு வந்துருதோம்" என்று கேட்டால், இல்லையென்று சொல்ல நம்மவர்க்கு மனம் வருவதில்லை. "எடுத்துட்டுப் போங்க, பெட்ரோலை மட்டும் பாத்துக்கிடுங்க" என்ற ஒரே நிபந்தனையுடன் காரோ, மோட்டார் சைக்கிளோ கைமாறிவிடுகிறது. இந்தத் தாராளத்தை நாம் குறைகூற வரவில்லை. ஒருவர் பண்டத்தை ஒருவர் இரவல் வாங்கி உபயோகிப்பது கிராம வாழ்க்கையின் அஸ்திவாரங்களில் ஒன்று. ஆனால் உரலையும் ஏணியையும் இரவல் கொடுப்பது வேறு. மோட்டார் வண்டியை இரவல் கொடுப்பது வேறு. சாவியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் பெட்ரோலைப்பற்றிப் பேசுகிறார்களேயன்றி, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் இன்ஷியூரன்ஸ் பத்திரம் அந்தப் பிரயாணத்தில் யாரைக் காக்கும், யாரைக் கைவிடும் என்பதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் மோட்டார் இன்ஷியூரன்ஸ் பெரும்பாலும் வண்டியைச் சார்ந்தது; ஓட்டும் மனிதனைச் சார்ந்ததன்று. உரிமையாளரின் அனுமதியுடன் ஓட்டுகிறவர் எவராயினும், செல்லத்தக்க லைஸென்ஸ் உடையவராய், ஓட்டக்கூடாதென்று தடை செய்யப்படாதவராய் இருந்தால் போதும் என்பது பாலிஸியின் பொது வாசகம். வழியிற் சென்ற ஒருவர் அடிபட்டால், ஓட்டியவர் உரிமையாளரா, அவர் மைத்துனரா என்று கம்பெனி வேறுபாடு பார்க்க இயலாது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, மூன்றாம் மனிதர்க்கு நேரும் தீங்குக்கான இன்ஷியூரன்ஸ் இல்லாமல் எவ்வண்டியும் பொதுச் சாலைக்கு வரலாகாது என்று விதிக்கிறது. இக்கட்டாயம் 1939ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே எழுதப்பட்டு, 1946ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமலுக்கு வந்தது. அச்சட்டத்தை வெள்ளைக்காரன் தன் ஊரின் 1930ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்துத்தான் செய்தான். ஆனால் அவன் ஊரில் இன்றும் பெரும்பாலான பாலிஸிகள் பெயர் குறிப்பிட்ட மனிதர்களையே காக்கின்றன. நண்பனின் காரை ஒரு நாள் ஓட்டவும் அங்கே பலர் தனியாக ஒரு பாலிஸி எடுக்க நேர்கிறது. நல்லவேளையாக அந்த வழக்கம் நம்மைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரவல் கொடுக்கும் தேசத்திற்கு ஏற்ற ஏற்பாடே இங்கு நிலைத்திருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் சில ஓட்டைகள் உண்டு. லைஸென்ஸ் இல்லாதவரிடம் வண்டி போய்விட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். 2004ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சில் தீர்த்துச் சொன்னது இதுதான்: லைஸென்ஸ் இல்லை என்ற காரணத்தால் மட்டும் கம்பெனி தப்பித்துவிட முடியாது, உரிமையாளர் போதிய கவனம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கம்பெனியே நிரூபிக்கவேண்டும், நிரூபித்தாலும், தக்க வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடலாம். இதில் சாவி கொடுப்பவர்க்கு இரண்டு பாடங்கள் அடங்கியிருக்கின்றன. லைஸென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தவருக்கு நியாயஸ்தலம் துணை நிற்கும். பாராமல் கொடுத்தவருடைய வீட்டுக்கும் வயலுக்கும் சில வருஷங்கள் கழித்து வசூல் உத்தரவு வந்து சேரும். மாப்பிள்ளையிடம் லைஸென்ஸ் கேட்பது மரியாதையல்லவென்று நினைப்பவர்கள், அந்த உத்தரவு லட்சக்கணக்கில் வரும் என்பதையும் நினைத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்துப் பையனிடம் வண்டியைக் கொடுப்பவர்க்கோ சட்டம் இரக்கமே காட்டுவதில்லை. 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, அவனுடைய காவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதத்திற்கு ரத்தாகும்.

இரண்டாவது ஓட்டை, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. கட்டாயத்திற்காக மட்டும் எடுக்கப்படும் குறைந்த பாலிஸி, அதாவது ஏஜெண்டுகள் 'தேர்டு பார்ட்டி' என்று சொல்லும் பாலிஸி, தனியார் வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவர்களைக் காப்பதில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கு அப்பாலிஸியின் கீழ் உரிமையில்லை என்று 2006இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முழுமையான பாக்கேஜ் பாலிஸி இருந்தால் காரில் வருபவர்களுக்கும் பின்னிருக்கையில் வருபவருக்கும் பாதுகாப்பு உண்டென்று இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்த, 2012இல் சுப்ரீம் கோர்ட்டும் அவ்வாறே கூறியது. ஆகவே ஐந்து பேர் ஏறிப்போக வண்டி கொடுக்கும்போது, நம் பாலிஸி எந்த வகை என்பதை அறிந்திருக்க வேண்டாமா? பழைய கார் வைத்திருப்பவர்களிற் பலர், விலை குறைந்துபோன வண்டிக்குப் பெரிய பாலிஸி எதற்கு என்று எண்ணிக் குறைந்ததையே புதுப்பிக்கிறார்கள். வண்டியின் விலை குறையலாம். அதில் ஏறுபவர் உயிரின் விலை குறைந்துவிடவில்லையே!

லோடு ஆட்டோவிலும் மினி லாரியிலும் ஜனங்களை ஏற்றி அருவிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கத்தைப்பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பிரயாணிக்குக் கட்டாயப் பாலிஸியின் பாதுகாப்பு இல்லை என்பது இருபது வருஷத்திற்கு முன்பே சுப்ரீம் கோர்ட்டில் முடிந்துபோன சங்கதி. காய்கறி ஏற்றும் வண்டியை ஊரார் காதுகுத்துக்கு இரவல் கொடுப்பவர், முப்பது பேரின் குடும்பங்களுக்குத் தம் சொத்தை ஜாமீனாக வைக்கிறார். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, 'இரவல்' என்ற பெயரால் நடக்கும் வாடகையைப் பார்ப்போம். சீசன் காலத்தில் ஓன் போர்டு வண்டிகள் வாடகைக்கு ஓடுவதைச் செங்கோட்டையிலிருந்து ஆலங்குளம் வரையில் அறியாதவர் இல்லை. போலீஸார் நிறுத்திக் கேட்டால், "சொந்தக்காரருடைய வண்டி, இரவல் வாங்கிவந்தோம்" என்ற பதில் தயாராக இருக்கிறது. பெட்ரோல் செலவை நண்பர்கள் பங்கிட்டுக்கொள்வதை நாம் சொல்லவில்லை. நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்குவதையே சொல்லுகிறோம். தனியார் கார்ப் பாலிஸியின் முகப்பிலேயே, கூலிக்கோ வாடகைக்கோ உபயோகித்தால் பாதுகாப்பில்லை என்று அச்சிட்டிருக்கிறது. சட்டத்தின் 66ஆவது பிரிவு வாடகை வண்டிக்குப் பர்மிட் வேண்டும் என்கிறது; அஃதின்றி ஓட்டினால், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. வாடகைக்குக் கார் எடுத்துத் தாமே ஓட்ட விரும்புபவர்களுக்காக 1989ஆம் வருஷத்துத் திட்டம் ஒன்று இருக்கிறது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துடன் ஓடும் வண்டிகள் அத்திட்டத்தைச் சேர்ந்தவை. நேர்வழி இருக்கும்போது குறுக்கு வழி ஏன்?

மலைக்கு அப்பால் நடந்த ஒரு கோர சம்பவம் இதற்குப் பாடமாக அமைந்திருக்கிறது. புளியரை வழியாக இறங்கிவரும் கேரளத்துப் பிரயாணிகள் குற்றாலச் சீசனில் பெருந்தொகையினர். ஆதலால் அது நமக்கு அந்நிய ஊர்ச் செய்தியன்று. 2024ஆம் வருஷம் டிசம்பர் 2ந் தேதி இரவு, கொட்டும் மழையில், ஆலப்புழை களர்கோட்டில், அரசாங்க மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பதினொருவரை ஏற்றிச் சென்ற கார் ஒன்று கேரள அரசாங்கப் பஸ்ஸுடன் மோதியது. ஐந்து மாணவர்கள் அன்றே மாண்டார்கள். பிறகு ஆறாவது உயிரும் போயிற்று. அந்தக் கார் ஒரு தனி மனிதருடையது. நட்பின் பேரில் கொடுத்ததாக உரிமையாளர் சொன்னார். பணம் கைமாறியிருக்கிறது, இது வாடகையே என்று மோட்டார் வாகன இலாகா நடவடிக்கையில் இறங்கியது. மருத்துவராக வேண்டியிருந்த ஆறு பிள்ளைகளை இழந்த வீடுகளின் துக்கத்திற்கு நடுவே, கொடுத்தது இரவலா வாடகையா என்ற கேள்வி முளைத்தது. எத்தனை கொடுமை! ஆனால் நஷ்ட ஈட்டு வழக்கில் அந்தக் கேள்விதான் முதலில் நிற்கும். பர்மிட்டின்றி ஓடிய லாரி விஷயத்தில், அது பாலிஸியின் அடிப்படையையே மீறிய செயலென்று 2018இல் சுப்ரீம் கோர்ட் கருதி, கம்பெனி கொடுக்கும் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. வண்டிக்கு நேர்ந்த சேதத்தைப் பொறுத்தமட்டில் கொஞ்சம் கருணை உண்டு. தனியார் காரை வாடகைக்கு விட்ட ஒருவருக்குக் கம்பெனி ஒன்றுமே கொடுக்காமலிருப்பது சரியல்ல என்று கருதிய அதே கோர்ட், 2010இல், இத்தகைய மீறல்களில் நூற்றுக்கு 75 வரை கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதலைப் பின்பற்றியது. அந்தக் கருணை தகரத்திற்கு மட்டுமே. மனித உயிருக்கான பொறுப்பு உரிமையாளர் தலைமேலேயே நிற்கிறது.

இதில் இன்னொரு தரப்பாருக்கும் அநியாயம் நடக்கிறது. மஞ்சள் போர்டுக்குரிய வரியும் பர்மிட் கட்டணமும் கூடுதல் இன்ஷியூரன்ஸ் பிரீமியமும் கட்டி, வருஷத்தில் மூன்று மாதச் சீசனை நம்பிக் கடன் வாங்கி வண்டி வைத்திருக்கும் டாக்ஸித் தொழிலாளியின் பிழைப்பில், ஒன்றுமே கட்டாதவர் வந்து கை வைக்கிறார். 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. கலெக்டரும் போலீஸ் சூப்பரிண்டும் ஊரிலேயே இருக்கிறார்கள். சீசன் நாட்களில் அருவிகளருகே நிற்கும் வண்டிகளை ஒழுங்காகத் தணிக்கை செய்வது பெரிய காரியமா? ஆனால் தணிக்கை என்ற பெயரால், உண்மையாகவே தன் சித்தப்பாவின் காரை வாங்கிவந்த வாலிபனை மடக்கிப் பணம் பறிக்கும் வழக்கமும் வந்துவிடக்கூடாது. இரவல் குற்றமன்று என்பதை அதிகாரிகளுக்கும் அழுத்தமாகச் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

இதுவரை கூறியவை உரிமையாளரின் கவலைகள். இரவல் வாங்கி ஓட்டுகிறானே, அவன் கதி என்ன? இதுவே நம்மை இவ்வளவு தூரம் எழுதத் தூண்டிய விஷயம்.

கர்நாடகத்தில் ஒருவர் இன்னொருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிச் சென்றார். முன்னே இரும்புத் தகடு ஏற்றிச் சென்ற மாட்டு வண்டி திடீரென நின்றது. அதன்மேல் மோதி அவர் உயிரிழந்தார். அவருடைய மனைவி வழக்குத் தொடுத்தார். யாருடைய தவறு என்று பாராமல் நஷ்ட ஈடு வழங்குவதற்கென்று அப்போது சட்டத்திலிருந்த பிரிவின்படியும் அவருக்கு உரிமையில்லை என்று 2009இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. காரணம்? இரவல் வாங்கியவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தவுடன் உரிமையாளனின் ஸ்தானத்தை அடைந்துவிடுகிறான். உரிமையாளன் தனக்குத் தானே நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆகவே இவனும் கேட்க முடியாது. தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் மகன் மாண்ட வழக்கிலும் அதே கோர்ட் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே சொல்லிற்று. எதிரே வந்த வண்டியின் தவறால் விபத்து நேர்ந்திருந்தால் அந்த வண்டியின் கம்பெனியிடம் கேட்கலாம். மழையில் சறுக்கியோ, புளியமரத்தில் மோதியோ, தன் பிழையாலோ விழுந்தவனுக்கு ஒரு வழியும் இல்லை.

இருக்கட்டும், உரிமையாளரே அதே புளியமரத்தில் மோதினால் என்ன ஆகும்? அவருக்குத் தனி ஏற்பாடு உண்டு. உரிமையாளரே ஓட்டும்போது நேரும் உயிர்ச் சேதத்துக்கென்று கட்டாயமான விபத்துக் காப்பு ஒன்று பாலிஸியோடு சேர்ந்து வருகிறது. முன்னாட்களில் அத்தொகை மோட்டார் சைக்கிளுக்கு 1 லட்சமும் காருக்கு 2 லட்சமுமாக இருந்தது. இது போதாது, 15 லட்சமாக்க வேண்டுமென்று 2017இல் சென்னை ஹைக்கோர்ட் வற்புறுத்தியதன் பேரில், 2018 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாறே உயர்த்தியது. வருஷத்திற்கு 750 ரூபாய் பிரீமியம் என்றும் அப்போது நிர்ணயித்தது. நம் ஹைக்கோர்ட்டின் தூண்டுதலால் தேசம் முழுவதற்கும் கிடைத்த நன்மை இது. ஆனால் பத்திரத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்: ஓட்டுபவர் பதிவு பெற்ற உரிமையாளராயிருக்க வேண்டும், பாலிஸியில் பெயருள்ளவராயிருக்க வேண்டும், லைஸென்ஸ் வைத்திருக்க வேண்டும். மைத்துனன் ஓட்டினால் அந்த 15 லட்சம் கிடையாது. தகப்பனார் பேரில் வாங்கிய வண்டியை மகன் ஓட்டினாலும் கிடையாது. நம் கிராமங்களில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் ஒருவர் பேரிலும் இன்னொருவர் கையிலும் இருக்கின்றன என்பது ஊரறிந்த விஷயம். திண்ணையில் இருக்கும் பெரியவருக்குக் காப்பு. சாலையில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை!

நஷ்டத்தில் உரிமையாளனாகவும் லாபத்தில் அந்நியனாகவும் ஒருவனை நிறுத்துவது நியாயமா? உரிமையாளனின் ஸ்தானத்தில் நிற்கிறான் என்றால், அந்த ஸ்தானத்துக்குரிய காப்பும் அவனைச் சேர வேண்டாமா? 2020 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் இந்த நியாயத்தை ஓரளவு ஏற்றிருக்கிறது. ராஜஸ்தானத்தில் இரவல் மோட்டார் சைக்கிளில் மாண்ட ஒருவரின் குடும்பத்துக்கு, அவர் உரிமையாளரின் ஸ்தானத்தில் இருந்ததால், அப்பாலிஸியில் உரிமையாளருக்கென்று இருந்த 1 லட்சத்தைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஆனால் ஒவ்வொரு விதவையும் டெல்லி வரையில் சென்று வழக்காடியா இதைப் பெறவேண்டும்?

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. அந்த 15 லட்ச ரூபாய்க் காப்பு உரிமையாளரின் பெயரைச் சார்ந்ததாயிராமல், ஓட்டுபவர் அமரும் இருக்கையைச் சார்ந்ததாக இருக்கட்டும். உரிமையாளரின் சம்மதத்துடன், தக்க லைஸென்ஸுடன் ஓட்டுகிறவர் எவரோ அவருக்கு அது சேரட்டும். 15 லட்சமாக உயர்த்துவதற்கு ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கையே போதுமானதாயிருந்தது. இந்த மாற்றத்திற்கும் பார்லிமெண்டின் அடுத்த கூட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டுமென்று நாம் நினைக்கவில்லை. பிரீமியம் உயருமென்று கம்பெனிகள் சொல்லும். ஒரு நேரத்தில் ஒரு வண்டியை ஒருவர்தான் ஓட்ட முடியும். உயர்ந்தாலும் சொற்பமே உயரும். சம்பள டிரைவருக்கும், பெயர் குறிப்பிடாத பிரயாணிகளுக்கும் சிறு தொகையில் விபத்துக் காப்பு விற்க அவர்கள் இப்போதே வழி வைத்திருக்கிறார்கள் அல்லவா? மோசடி பெருகும் என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். உண்மை இதற்கு நேர்மாறானது. உரிமையாளர் ஓட்டினால் 15 லட்சம், பிறர் ஓட்டினால் ஒன்றுமில்லை என்ற இன்றைய விதிதான், விபத்து நடந்த இரவிலேயே ஓட்டியவர் பெயரை மாற்றி எழுதும்படி ஏழைக் குடும்பங்களைத் தூண்டுகிறது. வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். பொதுத்துறையிலுள்ள நான்கு கம்பெனிகளில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. 1973இல் ஜனங்களின் சொத்தாக்கப்பட்ட கம்பெனி இந்தச் சீர்திருத்தத்தில் முன்னின்றால் மற்றவை பின்தொடரும். நம் பிரதேசத்து பார்லிமெண்ட் அங்கத்தினரும் இதை நிதி மந்திரியின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிறு சேதங்களைப்பற்றியும் இரவல் வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வண்டியைக் கீறிக்கொண்டு வந்து, "இன்ஷியூரன்ஸ் இருக்கிறதே" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். பாக்கேஜ் பாலிஸியில்கூட, முதல் 1,000 ரூபாயோ 2,000 ரூபாயோ உரிமையாளர் கையிலிருந்தே போகும். அது மட்டுமன்று, கிளெயிம் இல்லாத வருஷங்களுக்குச் சேர்ந்துவரும் போனஸ் தள்ளுபடி, 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதமாக வளர்வது, ஒரே கிளெயிமில் அழிந்துவிடும். ஐந்தருவிக்கு ஒரு தடவை போய்வந்த செலவை அண்ணாச்சி ஐந்து வருஷம் கட்டுகிறார். வண்டி வாங்கிப் போனவர் பழுதுபார்க்கும் செலவைத் தாமே ஏற்பதுதான் பண்பு.

விதி மாறும்வரையில் இரவல் வண்டி ஓட்டுபவர்கள் வெறுங்கையராய் இருக்க வேண்டியதில்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்புத் திட்டத்தில், 18 வயதிலிருந்து 70 வயதுக்குட்பட்டு, பாங்கிலோ தபாலாபீஸிலோ சேமிப்புக் கணக்குள்ள எவரும் சேரலாம். விபத்தில் மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வண்டி யாருடையது என்று அங்கே கேட்பதில்லை. 15 லட்சத்துக்கு இது ஈடாகாதுதான். ஆயினும் வருஷத்திற்குக் கட்டவேண்டிய பிரீமியம் 20 ரூபாயே. ஓர் இரவல் சவாரிக்குப் போடும் பெட்ரோலிலும் குறைவு. திட்டத்தின் வருஷம் ஜூன் 1ந் தேதி தொடங்கி மே 31ந் தேதி முடிகிறது. குற்றாலத்தில் சாரல் இறங்குவதும் அந்த நாட்களில்தான்.